குரோமியம் என்ற சொல்: வட ஆற்காட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலாற்றங்கரை ஊர்களில் பிள்ளைகள் வேதியியல் படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு தனிமத்தின் பெயரைக் கேட்டுவிடுகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று தோல் தொழிலை ஒட்டி வாழும் ஊர்களில் ‘குரோம்’ என்பது வீட்டுப் பேச்சில் புழங்கும் சொல். பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் இந்தச் சொல்லைப் பற்றிய அதே ஐயங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும் கேட்கிறார்கள். கேட்டவர் சொற்களை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. குரோமியம் என்றால் என்ன பொருள், ஐயா?

‘குரோமா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நிறம் என்று பொருள். உலோகங்களுக்குப் பெயரிடும்போது லத்தீன் முறையில் ‘இயம்’ என்ற ஈற்றைச் சேர்ப்பது வழக்கம். சோடியம், கால்சியம் போல. இரண்டும் சேர்ந்து குரோமியம் ஆயிற்று. அணு எண் 24. பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வைத்த பெயர் வெறும் ‘குரோம்’ என்பதுதான். நம் ஊர்த் தொழிலாளர்கள் சொல்லும் ‘குரோம்’ பாடநூல் பெயரின் சிதைவு என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுவே மூத்த வடிவம்.

2. அந்த உலோகம் வெள்ளி போலத்தானே பளபளக்கிறது? அதற்குப் போய் நிறம் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

பெயர் வைத்தவர்கள் உலோகத்தின் நிறத்தை எண்ணி வைக்கவில்லை. ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் பெரெசோவ்ஸ்க் சுரங்கங்களில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தாது கிடைத்தது. ‘சைபீரியச் செவ்வீயம்’ என்று அழைக்கப்பட்ட அதை ஓவியர்கள் வண்ணப்பொடிக்காக விரும்பி வாங்கினார்கள். பாரிஸ் நகரில் லூயி நிக்கோலா வோக்லான் என்ற வேதியியலாளர் 1797இல் அதை ஆராய்ந்து, ஈயத்தோடு அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகமும் சேர்ந்திருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு அந்த உலோகத்தைக் கரியோடு சூடாக்கிப் பிரித்தும் எடுத்தார்.

அவரைத் திகைக்கவைத்தது அதன் சேர்மங்களின் நிறங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று சிவப்பு, ஒன்று கரும்பச்சை. மாணிக்கத்திலும் மரகதத்திலும்கூட இந்த உலோகத்தின் சுவட்டை அவர் கண்டார். மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் ஒரே தனிமம் காரணமாக இருக்க முடியும் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பூட்டும் செய்தி. சுற்றியிருக்கும் அணுக்கள் எந்த நெருக்கத்தில் அமைகின்றன என்பதைப் பொறுத்து அது விழுங்கும் ஒளி மாறுகிறது. மிஞ்சும் ஒளி நம் கண்ணுக்கு நிறமாகிறது. ஃபூர்க்ருவா, ஆயி என்ற இரு அறிஞர்கள் ‘குரோம்’ என்ற பெயரை முன்மொழிந்தார்கள், வோக்லான் ஏற்றுக்கொண்டார்.

3. அந்தத் தாதுவின் பெயர் குரோக்கோயிட் என்று படித்தேன். குரோமியத்திலிருந்து வந்த பெயர்தானே?

இல்லை. ஒலி மட்டும்தான் ஒத்திருக்கிறது. கிரேக்கத்தில் ‘குரோக்கோஸ்’ என்பது குங்குமப்பூ. தாதுவின் நிறத்தைப் பார்த்து, தனிமத்துக்குப் பெயரிட்டுச் சில பத்தாண்டுகள் கழிந்த பிறகு வைத்த பெயர் அது. ‘குரோமைட்’ என்ற இன்னொரு தாது உண்டு. அந்தப் பெயர்தான் குரோமியத்திலிருந்து வந்தது. இந்தியாவில் குரோமைட் பெருமளவு கிடைப்பது ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அந்தத் தாது உண்டு. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் பலர்.

4. மற்ற மொழிகளிலும் இதே பெயர்தானா?

பெரும்பாலும் இதே பெயர்தான். ஜெர்மனில் குரோம், இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் குரோமோ, ஜப்பானியத்தில் குரோமு. ஒலி முறைக்கு ஏற்ப உருவம் சிறிது மாறுகிறது. மெய்யெழுத்தில் சொல் தொடங்குவதைத் தமிழ் ஏற்பதில்லை. ஆகவே ‘க்ரோமியம்’ என்று எழுதாமல் ‘குரோமியம்’ என்று எழுதுவதே நம் மரபுக்குப் பொருந்தும். ஜப்பானியமும் இதே காரணத்துக்காக இதே இடத்தில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டது.

ரஷ்ய மொழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ‘ஹ்ரோம்’ என்பது தனிமத்தின் பெயர். குரோம் கொண்டு பதனிட்ட மென்மையான தோலுக்கும் அதுவே பெயர். நம் தொழிற்சாலையில் ஒருவர் ‘இது குரோம்’ என்று தோலைத் தொட்டுக் காட்டுவதுபோல, ரஷ்யரும் தம் காலணியைக் காட்டி அதே சொல்லைச் சொல்ல முடியும். அதே மொழியில் நொண்டி என்று பொருள்படும் ‘ஹ்ரமோய்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது பழைய ஸ்லாவியச் சொல்.

5. ‘குரோமா’வுக்கு நிறம் என்ற பொருள் மட்டும்தானா? அதற்கு முன்னால் என்ன பொருள்?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. ‘குரோமா’வுக்கு மூலமாக நிற்பது ‘குரோஸ்’ என்ற இன்னும் பழைய கிரேக்கச் சொல். அதற்குத் தோல், உடலின் மேற்பரப்பு, மேனி என்று பொருள். கிரேக்கக் கவி ஹோமரின் போர்க் காட்சிகளில் ஈட்டி துளைக்கும் வீரனின் மேனி ‘குரோஸ்’. மேனியைக் குறித்த சொல் மேனியின் நிறத்தைக் குறித்தது; பிறகு எந்தப் பொருளின் நிறத்தையும் குறித்தது. ‘குரோமா’ என்ற சொல்லிலேயே உடல் நிறம் என்ற பழைய பொருள் தங்கியிருக்கிறது.

ஆக, தோலைக் குறித்த சொல் நிறத்தைக் குறிக்க வந்தது. நிறத்தின் பெயர் ஓர் உலோகத்துக்குப் போயிற்று. அந்த உலோகத்தின் உப்பு இன்று ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலைப் பதனிடுகிறது. வோக்லானின் நாளில் குரோம் கொண்டு யாரும் தோல் பதனிடவில்லை. திட்டமிட்டு யாரும் இந்தப் பெயரை வைக்கவும் இல்லை. சொல் தானாகவே தன் பிறப்பிடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

6. தோலும் நிறமும் ஒரே சொல்லா? நம்ப முடியவில்லையே.

தமிழைப் பாருங்கள். ‘மேனி’ என்றால் உடல். ‘மாந்தளிர் மேனி’ என்னும்போது அது நிறம். ‘நிறம்’ என்ற சொல்லே பழந்தமிழில் மார்பையும் குறிக்கும், தோலையும் குறிக்கும். புறநானூற்றின் 13ஆம் பாட்டில், யானைமேல் வரும் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி அணிந்திருப்பது ‘புலிநிறக் கவசம்’. புலியின் நிறம் கொண்ட கவசம் என்று நாம் படித்துவிடுவோம். உரைகாரர் சொல்லும் பொருள் புலித்தோலால் செய்த கவசம் என்பது. அம்புகள் கிழித்த அந்தத் தோற்கவசத்தைப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஹோமரின் வீரனுக்கு ‘குரோஸ்’. நம் சோழனுக்கு ‘நிறம்’.

வேறு மொழிகளிலும் இதன் சாயல் தெரிகிறது. சமஸ்கிருதத்தில் ‘வர்ண’ என்ற சொல்லை மூடுதல் என்ற பொருள்கொண்ட ‘வ்ரு’ என்னும் வேரிலிருந்து வருவிப்பார்கள். லத்தீன் ‘கலோர்’ என்ற சொல்லையும் மூடுதல், மறைத்தல் என்ற பொருள்கொண்ட வேரோடு இணைப்பார்கள். ஆங்கிலத்தின் ‘கலர்’ அதன் வழித்தோன்றல். ஒரு பொருளைப் போர்த்தியிருப்பது எதுவோ அதுவே நிறம் என்று பல மக்கள் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள்.

7. தமிழில் ‘குரு’ என்றாலும் நிறம்தானே? அப்படியானால் ‘குரோமா’ தமிழிலிருந்து போன சொல்தானே?

‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்வது உண்மை. ‘குரு’ என்ற உரிச்சொல்லுக்கு நிறம் என்று பொருள். இதைத் தெரிந்துவைத்திருக்கும் மாணவரைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. ஆனால் முடிவு தவறு. கிரேக்கச் சொல்லின் வளர்ச்சி கிரேக்கத்துக்குள்ளேயே தெளிவாகத் தெரிகிறது: முதலில் தோலைக் குறிக்கும் ‘குரோஸ்’, அதிலிருந்து ‘குரோமா’ (5ஆம் விடை). அதன் முதல் ஒலி மூச்சோடு ஒலிக்கும் ககரம். அதை அடுத்து உயிர் இல்லாமலே ரகரம் வரும். நடுவில் உகரத்தைச் சேர்த்தவர்கள் நாம், அதுவும் 4ஆம் விடையில் சொன்ன எழுத்து மரபுக்காக. நாமே சேர்த்த உகரத்தை உறவுக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

இரண்டு சொற்கள் உறவு என்று சொல்ல, ஒலி ஒப்புமை பல சொற்களில் ஒரே முறையில் திரும்பத் திரும்ப வர வேண்டும். அல்லது ஒரு மொழியிலிருந்து மற்றதற்குச் சொல் போன வழி தெரிய வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. தமிழின் பெருமைக்கு ‘குரு’ என்ற சொல்லும் ‘புலிநிறக் கவசமும்’ தம் அளவிலேயே போதும். இல்லாத உறவை அவற்றின்மேல் ஏற்ற வேண்டியதில்லை.

8. தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிட்டார்களாம். குரோம் எப்போது வந்தது?

தாத்தா சொன்னது சரி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்தப் பகுதித் தோல் தொழிலின் பழைய சரக்குகள். பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோம் முறைக்கான அடிப்படையை ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் கினாப் 1858இல் விளக்கினார். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் இரண்டு தொட்டி முறைக்குக் காப்புரிமை பெற்றார். மார்ட்டின் டென்னிஸ் 1893இல் அதை ஒரே தொட்டி முறையாக எளிமையாக்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் அரசே இதைச் சோதித்துப் பார்த்தது. நம் பகுதியில் அது பெரிதாகப் பரவியது 1970களுக்குப் பிறகு. பாதி பதனிட்ட தோலை அனுப்பாமல் முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசின் கொள்கை மாறியபோது, குரோம் முன்னுக்கு வந்தது.

குரோமியம் தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அப்படிப் பிணைந்த தோல் கொதிநீரிலும் சுருங்காமல் தாங்கும். பட்டையில் பதனிட்டது அந்தச் சூட்டைத் தாங்காது. டிரம்மிலிருந்து வெளியே வரும் ஈரத் தோல் வெளிர்நீலமாக இருப்பதால்தான் ‘வெட் ப்ளூ’ என்கிறார்கள். அந்த நீலம் சாயம் போட்டு வந்ததல்ல, குரோமியத்தின் சொந்த நிறம்.

9. ‘டேனரி’ என்ற சொல்லுக்கும் குரோமுக்கும் தொடர்பு உண்டா?

தோல் பதனிடும் தொழிற்சாலையைக் குறிக்கும் டேனரியின் மூலம் ‘டன்னம்’ என்ற இடைக்கால லத்தீன் சொல்; ஓக் மரப்பட்டை என்று பொருள். நமக்கு ஆவாரம்பட்டை போல ஐரோப்பியர்களுக்கு ஓக் பட்டை. பட்டையில் இருந்து தோலைப் பதனிடும் பொருளுக்கான ‘டானின்’ என்ற வேதிப்பெயரும் அங்கிருந்து வந்ததே. குரோம் தோலில் டானின் இருக்க வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் அது தயாராகும் இடத்தின் பெயரில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் ‘பதனிடுதல்’ எந்தச் சரக்கையும் குறிப்பிடாமல் பக்குவப்படுத்துவதை மட்டும் சொல்வதால் இரண்டு முறைகளுக்கும் பொருந்துகிறது.

10. எங்கள் வீட்டில் உருது பேசுவோம். தோலுக்குச் ‘சம்டா’ என்போம். அது எங்கிருந்து வந்தது?

சமஸ்கிருத ‘சர்ம’ என்ற சொல்லிலிருந்து. அதே சொல்தான் தமிழுக்குள் ‘சருமம்’ என்று வந்தது. வாணியம்பாடித் தோல் மண்டியில் ஆட்டுத்தோலைச் ‘சம்டா’ என்பவரும், மருத்துவமனையில் ‘சரும நோய்ப் பிரிவு எங்கே’ என்று கேட்பவரும் ஒரே வேர்ச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

11. சென்னையில் இருக்கும் குரோம்பேட்டைக்கும் இந்தக் குரோமுக்கும் தொடர்பு இருக்கிறதா?

நேரடித் தொடர்பு. சேம்பர்ஸ் குடும்பத்தார் பல்லாவரம் அருகே நடத்திய குரோம் தோல் தொழிற்சாலையால் அந்த இடத்துக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. கிரேக்கச் சொல்லும் தமிழ்ப் ‘பேட்டை’யும் சேர்ந்த ஊர்ப்பெயர் அது. நம் ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்த கதை வேறு. அது செஞ்சி தேசிங்கு ராஜனின் மனைவியின் நினைவாக அமைந்த பெயர் என்பார்கள்.

12. செல்போனில் இருக்கும் குரோம்?

அதுவும் இதே சொல்தான், சுற்றிவளைத்து வந்தது. பழைய கார்களின் விளிம்புகளிலும் பம்பரிலும் குரோமியம் பூசி அழகுபடுத்துவார்கள். அதிலிருந்து, கணினித் திரையில் உள்ளடக்கத்தைச் சுற்றியிருக்கும் சட்டம், பொத்தான்கள், பட்டைகள் ஆகியவற்றை மென்பொருள்காரர்கள் ‘குரோம்’ என்று அழைத்தார்கள். உலாவியின் பெயர் அந்த வழக்கிலிருந்து எடுத்தது.

13. குரோமோசோமில் குரோமியம் இருக்கிறதா?

இல்லை. ‘குரோமா’வோடு உடல் என்ற பொருள்கொண்ட ‘சோமா’ சேர்ந்தது குரோமோசோம். வால்டேயர் என்ற ஜெர்மானியர் 1888இல் வைத்த பெயர். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகச் சாயம் ஏற்றியபோது அவை அந்தச் சாயத்தை ஆழமாகப் பற்றிக்கொண்டன, அதனால் நிற உடல்கள் ஆயின. இலங்கைப் பாடநூல்களில் ‘நிறமூர்த்தம்’ என்று எழுதுகிறார்கள். எவ்வளவு அழகான சொல்! ‘குரோமடோகிராஃபி’, அதாவது வண்ணப்பிரிகை முறை, ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் த்ஸ்வெத் 1906இல் சூட்டிய பெயர். அவருடைய குடும்பப் பெயரான ‘த்ஸ்வெத்’துக்கும் ரஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள்.

சூரியனின் ஒளிரும் மேற்பரப்பை அடுத்துச் செந்நிறமாகத் தெரியும் அடுக்கு ‘குரோமோஸ்பியர்’, நிறமண்டலம். இந்தச் சொல்லுக்கும் வட ஆற்காட்டோடு உறவு உண்டு. விண்மீன்களின் ஒளியை நிறவாரியாகப் பிரித்தால் தெரியும், நிறமண்டலத்திலிருந்து வரும் கால்சியம் கோட்டின் அகலத்தைக் கொண்டு அவற்றின் உண்மையான ஒளிர்வை அறியலாம் என்று வானியலாளர்கள் ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் 1957இல் காட்டினார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவர் அதே வைணு பாப்பு. அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் செயல்பாட்டுக்கு வந்தது. தோல் தொட்டியிலும் விண்மீனிலும் ஒரே கிரேக்கச் சொல் புழங்கும் மாவட்டம் உலகில் வேறு எங்காவது இருக்குமா என்று நான் அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு.

14. குரோமியம் விஷம் என்கிறார்கள். ஆனால் எவர்சில்வர் தட்டிலும் அதுதான் இருக்கிறது என்கிறீர்கள். எதை நம்புவது?

இரண்டும் உண்மை. எவர்சில்வரில் வெள்ளி இல்லை. இரும்போடு ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம் சேர்ந்திருக்கும். அது காற்றுடன் சேர்ந்து மெல்லிய படலமாகி இரும்பைத் துருவிடமிருந்து காக்கிறது. ஒரு தனிமம் தீங்கா இல்லையா என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அது எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது, அதாவது சேர்மத்தில் அதன் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று நிலையில் உள்ள குரோமியம் பச்சை அல்லது நீலம். தோலைப் பதனிடுவது அதுதான். அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆறு நிலையில் உள்ளது மஞ்சள் அல்லது ஆரஞ்சு. நீரில் எளிதாகக் கரைந்து பரவும், உடல் செல்லுக்குள் நுழையும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்டது.

15. தோல் பதனிடுவது மூன்று என்றால், ராணிப்பேட்டைக் கிணற்றில் மஞ்சள் தண்ணீர் எப்படி வந்தது?

பதனிடும் உப்பைத் தயாரிக்கும் வழியில் ஆறு நிலைக் குரோமியம் பிறக்கிறது. குரோமைட் தாதுவைச் சோடா உப்புடன் வறுத்தால் கிடைப்பது மஞ்சள் குரோமேட், அதாவது ஆறு. அதை ஒடுக்கி மூன்றாக்கிய பிறகே தோல் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னைத் தாண்டியது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து ஆறு நிலைக் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் இருப்பது பெரும்பாலும் மூன்று. அதனால் அது பாதிப்பில்லாதது என்று பொருளில்லை. மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றை ஆறாக்கக்கூடியவை. உப்பும் பிற கழிவுகளும் பாலாற்றுக்குச் செய்த கேடு தனி. உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது இந்த ஊர்களின் தோல் கழிவைப் பற்றிய வழக்கில்தான்.

16. தண்ணீர்ச் சோதனை அறிக்கையில் ‘மொத்த குரோமியம்’, ‘ஹெக்ஸாவேலண்ட் குரோமியம்’ என்று இரண்டு வரி இருக்கிறது. எதைப் பார்ப்பது?

இரண்டையும் பாருங்கள். ‘ஹெக்ஸா’ கிரேக்கத்தில் ஆறு. ‘வேலண்ட்’ வலிமை என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல். 14ஆம் விடையில் சொன்ன ஆறு இதுதான். ‘மொத்தம்’ என்பது மூன்றும் ஆறும் சேர்ந்த அளவு. குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அறிக்கையில் ‘மொத்தம்’ மட்டும் இருந்தால் ஆறையும் தனியாக அளந்து தரும்படி கேளுங்கள். அதற்கான சோதனை ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வதுதான்: டைபீனைல்கார்பசைடு சேர்த்தால் ஆறு மட்டும் செவ்வூதாவாக மாறும், அந்த நிறத்தின் அடர்த்தியை அளப்பார்கள்.

நீர் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு மஞ்சள் தெரியத் தொடங்கும் அளவு, மேலே சொன்ன வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். கொதிக்கவைத்தாலும் பயனில்லை, நீர் ஆவியாகிக் குறையும், குரோமியம் அப்படியே தங்கும். மனு எழுதும்போது வெறுமனே ‘குரோமியம் கலந்திருக்கிறது’ என்று எழுதாமல், ‘ஆறு நிலைக் குரோமியம்’ என்று எழுதி, அறிக்கையில் உள்ள அளவையும் நீர் எடுத்த தேதியையும் கிணறு இருக்கும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.